பட்டவனைத் தேடுதல்: பாளையக்காரர் போரும் குடும்ப வரலாறும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பாளையக்காரர் போரைப் பற்றித் தென் மாவட்டங்களில் எங்கே பேசினாலும், கூட்டம் முடிந்து காப்பி குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். “எங்க பாட்டனார் ஒருத்தரும் அந்தச் சண்டையிலதான் செத்தாராம். அவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ இருப்பார். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் பழைய கிரயப் பத்திரம் ஒன்றும், நோட்டுப் புத்தகத்தில் அவரே வரைந்த வம்ச வரிசையும் இருக்கும். அந்த வரிசை நாலைந்து பெயர் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கட்டம் போட்டு, பெயர் எழுதாமல், “கட்டபொம்மன் சண்டையில் பட்டவர்” என்று மட்டும் இருக்கும்.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் வரலாறு எழுதியாகிவிட்டது. பேராசிரியர் கே. இராஜய்யன் 1971-இல் வெளியிட்ட ஆங்கில நூல் 1800, 1801 ஆண்டுகளின் கிளர்ச்சியை ஒரே போராகச் சேர்த்துக் காட்டியது. அவர் போட்ட தடத்தில்தான் இன்றும் நடக்கிறோம். ஆனால் கோட்டைச் சுவரில் நின்று செத்த ஒரு சாதாரண ஆளின் குடும்பம், தன் ஆளைத் தேடிப் போனால் எங்கே போவது? போர்க் கோப்புகளுக்குப் போகாதீர்கள் என்பது என் முதல் பதில். அங்கே அவர் இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே இருப்பார் என்பதும் தெரிந்துவிடும்.

காலவரிசையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி பானர்மேன், கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2-இல் அவர் தம்பி ஊமைத்துரையும் கூட்டத்தாரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடித்துத் தள்ளிய கோட்டை சில நாளில் மறுபடி எழுந்தது. மார்ச் 31-இல் கும்பினித் தளபதி மெக்காலேயின் படை மோதித் தோற்றது. மே 24-இல் அக்னியூவின் தலைமையில் வந்த பெரும்படை கோட்டையைப் பிடித்தது. சண்டை சிவகங்கைக் காட்டுக்கு மாறியது. அக்டோபர் 1-இல் காளையார்கோவில் விழுந்தது. 24-இல் சிவகங்கையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-இல் ஊமைத்துரை, தன் கோட்டை இருந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்.

இவ்வளவு சண்டையிலும் செத்தவர்கள் யார்? ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனால் வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகளைப் பார்க்கலாம். கல்வெட்டில் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, தேதி இருக்கிறது. தொல்லியல் துறை வேலி போட்டிருக்கிறது. 1905-இல் ஜே.ஜே. காட்டன் என்பவர் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். ஆகவே, அங்கே செத்த ஓர் ஆங்கில லெப்டினன்டின் வம்சத்தில் வந்தவர் இலண்டனில் உட்கார்ந்தபடியே தன் ஆளை ஒரு பகலில் கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஆளுக்கு அந்த வசதி இல்லை. சண்டை முடிந்ததும் கும்பினிப் படை மேலிடத்துக்கு அனுப்பும் சேதக் கணக்கு ஒரு தாள். மேலே செத்த ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர். அதன் கீழே ஐரோப்பியச் சிப்பாய்கள் இத்தனை பேர். அதற்கும் கீழே சுபேதார் இத்தனை, ஜமேதார் இத்தனை, அவில்தார், நாயக், சிப்பாய் இத்தனை. பெயர் கிடையாது. கும்பினிக்காகச் செத்த நம் ஊர்க்காரனுக்கே இந்தக் கதி. எதிர்த்துச் செத்தவன் அந்தத் தாளில் எண்ணாகக்கூட வர மாட்டான். எதிரிக்குக் கடும் சேதம் என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள்தான் மஞ்சள் பைக்காரரின் பாட்டன் இருக்கிறார்.

ஆனால் அதே கும்பினி, அடுத்த சில மாதத்திலேயே நம் ஆட்களின் பெயர்களைக் கவனமாக எழுதியது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 70-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியபோது ஆளுக்கு ஆள் பெயர்ப் பட்டியல் தயாரானது. சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் முதல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி வரை அதில் உண்டு. காரணம் எளியது. உயிரோடு பிடிபட்டவனுக்குச் சோறு போட வேண்டும், விலங்கு மாட்ட வேண்டும், கப்பல் தலைவனிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். செலவு இருக்கிற இடத்தில் கணக்கு இருக்கும், கணக்கு இருக்கிற இடத்தில் பெயர் இருக்கும். செத்தவனால் கும்பினிக்குச் செலவில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செத்தவனுக்குப் பிறகு யாருக்குச் செலவானது, யாருக்கு நிலம் போனது, யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால், அவன் பெயர் தட்டுப்பட வாய்ப்பு உண்டு.

ஒரே ஓர் ஆளை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி இந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்தான். 1830-இல் தன் நினைவுகளை இரண்டு தொகுதியாக இலண்டனில் வெளியிட்டான். சின்ன மருதுவிடம் வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவன். தன்னோடு மோதியவர்களைப் பற்றி அவன் அளவுக்கு மனம் விட்டு எழுதிய வெள்ளையன் வேறு யாரும் இல்லை என்பேன். கோட்டை விழுந்த பிறகு நடந்ததை அவன் சொல்கிறான். ஊமைத்துரை காயம்பட்டுக் களத்தில் கிடக்கிறார். பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் இன்னும் இருக்கிறது. தூக்கப் போனால், என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான் மகன். அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கும்பினியோடு நின்ற எட்டயபுரம் பாளையத்தின் ஆட்கள் துரத்தி வந்து வீட்டை நெருங்கியதும் பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை போட்டுச் செத்த பையன் என்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

இதை நாம் வழக்கமாக ஊமைத்துரை தப்பிய கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். மேடைக்கு அது போதும். குடும்ப வரலாறு எழுதுபவனுக்குப் போதாது. அந்த மகன் யார்? அவன் தாய்க்கு வெல்ஷ் பெயர் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. இருந்தாலும், எனக்குத் தெரிந்து அந்தப் போரில் பட்ட சாதாரண ஆட்களிலேயே இவ்வளவு விவரத்தோடு எழுத்தில் ஏறியவன் அவன் ஒருவன்தான். தாய் உண்டு, பக்கத்தில் ஊர் உண்டு, கடைசியாகச் சொன்ன சொல்கூட உண்டு. இவனைத் தேடுவதாக வைத்துக்கொண்டு வழி சொல்கிறேன்.

முதலில் காலக் கணக்கு. 1801-க்கும் நமக்கும் நடுவே ஏழெட்டுத் தலைமுறை. நம் வீடுகளில் நினைவு பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மூன்று படி ஏறி மூச்சு வாங்கும். நாலாவது படியில் பெயர் உதிர்ந்து தொழிலோ அடையாளமோ நிற்கும். “கடுக்கன் போட்ட தாத்தா” என்பார்கள். தென்பாண்டிச் சீமையில் தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். இது உதவியும் செய்யும், காலையும் வாரும். இரண்டே பெயர் மாறி மாறி வருவதால் மேல் தலைமுறையை ஊகிக்கலாம். ஆனால் பத்திரத்தில் பார்த்த பெயர் பாட்டனா, அவருடைய பாட்டனா என்று குழப்பமும் வரும். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். “இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இன்ன நிலம்” என்று மூன்றும் சேர்ந்து வந்தால்தான் ஒரு படி ஏறியதாக அர்த்தம்.

அடுத்தது கிளை. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய்வழியாக வருகிறது. பிள்ளை அம்மாவின் கிளை, அப்பாவின் கிளை அல்ல. குலதெய்வமோ அப்பா வழி. மஞ்சள் பைக்காரர்களில் பெரும்பாலோர் ஆண் வாரிசை மட்டும் வரைந்துகொண்டு வருகிறார்கள். சண்டையில் செத்தவன் பல நேரம் மணமாகாதவன், அல்லது கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனவன். விதவையான பெண் பிறந்த ஊருக்குப் பிள்ளையோடு போயிருப்பாள். பிறகு அந்தக் குழந்தையின் ஊர் மாறியது, சிலருக்குச் சாமியும் மாறியது. கிளை மாறியிருக்காது. ஆகவே, ஒரே குலதெய்வம் கும்பிடும் குடும்பங்களில் ஒரு வீடு மட்டும் வேற்றூரிலிருந்து பங்குனி உத்திரத்துக்கு வந்து போகிறதா என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் கட்டபொம்மனைப் பற்றிப் பேசுவார்கள். எந்த வீட்டில் யாருக்குப் படைத்தோம், என்ன படைத்தோம் என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

படைப்பு என்றதும் சாமிக்கு வருகிறேன். தென் மாவட்டங்களிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் வெட்டுப்பட்டோ அகாலமாகவோ செத்தவர்கள் பட்டவன், பட்டவர் என்ற பெயரில் சாமியாக நிற்கிறார்கள். கணவனோடு தீயில் இறங்கியவள் தீப்பாஞ்ச அம்மன், மாலையம்மன். கோயில் என்று பெரிதாக இருக்காது. கண்மாய்க் கரையில் ஒரு கல், வேல் ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு. சாமியாடி அருள் வந்து பேசும்போது எந்தத் திசையிலிருந்து வந்தேன், எங்கே பட்டேன் என்று சொல்வதுண்டு. இதை ஆவணமாக எடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தேதிக்கு எடுக்காதீர்கள். திசைக்கும் இடத்துக்கும் எடுக்கலாம். கதைப்பாடல்களுக்கும் இதே விதிதான். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலை வைத்துச் சண்டையின் தேதியை நிறுவ முடியாது. எந்த ஊரார் தங்களை அந்தக் கதைக்குள் வைத்துப் பார்த்தார்கள் என்பதை நிறுவலாம்.

இனி நிலம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், இங்கேதான் சரக்கு இருக்கிறது.

போரில் செத்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவது கும்பினிக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வழக்கம். கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று வரும். பாளையக்காரர் காலத்திலும் அந்த வழக்கம் மானியமாகத் தொடர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சி போனது, பாளையத்தைப் பக்கத்துப் பாளையக்காரர்களுக்குப் பங்கு போட்டார்கள், 1803-ஐ ஒட்டி ஜமீன் முறை வந்தது. ஆனால் சிறு மானியங்கள் பல, பிடித்தவன் கையிலேயே நின்றன. 1858-இல் சென்னை அரசு இனாம் கமிஷன் அமைத்து ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்தது. அப்போது எழுதியதுதான் வக்கீல்களும் நில அளவைக்காரர்களும் ஐ.எஃப்.ஆர். என்று சொல்கிற இனாம் பதிவேடு. நிலத் தகராறுக்காகத்தான் இன்று அதை எடுக்கிறார்கள். குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல கோப்பு எனக்குத் தெரியாது. நிலம் எங்கே, எவ்வளவு என்பதோடு, எதற்காக விடப்பட்டது, யார் விட்டது, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கிறார்கள். 1860-களில் பதில் சொன்ன கிழவருக்கு 1801 என்பது அவர் அப்பனின் சாவு. நம் நினைவு ஏற முடியாத நாலைந்து படியை அந்த ஒரு வரி ஏற்றிவிடுகிறது.

அதற்கு இப்புறம் 1865 முதல் பதிவு அலுவலகப் பத்திரங்கள் உண்டு. அவற்றில் தகப்பன் பெயர் தவறாது. ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தபோது எடுத்த செட்டில்மெண்ட் பதிவேடும் அ-பதிவேடும் இன்றைய சர்வே எண்ணைப் பழைய பைமாஷ் எண்ணோடு கோத்துக் கொடுக்கும். கீழிருந்து பட்டா, அ-பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடு, கிரயப் பத்திரம், ஐ.எஃப்.ஆர். என்று ஏறிப் போங்கள். மேலிருந்து இறங்கப் பார்க்காதீர்கள். கட்டபொம்மனில் தொடங்கித் தன் வீட்டுக்கு இறங்கி வந்தவர்கள் எல்லாரும் தளபதி வம்சத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

நிலம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? பள்ளர் குடியிலும் பறையர் குடியிலும் கோட்டைக்காகச் செத்தவர்கள் உண்டு. கவர்னகிரி சுந்தரலிங்கத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவரோடு நின்றவர்களுக்கு மானியக் கோப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே வாய்மொழியும் சாமியும் மட்டுமே வழி. அந்த வாய்மொழியை மேல்சாதிக் குடும்பத்தின் வாய்மொழியைவிடக் கூடுதலாகச் சந்தேகப்படுகிற பழக்கம் நம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள். செத்தவரின் பெயர் இன்றும் விளையாட்டுக் காரியம் அல்ல. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததும் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் எடுத்துவிட்டது.

இன்னொரு வகை ஆள் இருக்கிறார், அவரை யாரும் தேடுவதில்லை. கோட்டையைத் தாக்கிய படையில் முன்னால் ஓடியவர்களில் கணிசமானோர் சென்னைப் படைச் சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், இஸ்லாமியர். எட்டயபுரத்து ஆட்களும் கூட நின்றார்கள். 1801-இல் செத்த நம் பாட்டன்மாரில் ஒரு பகுதியினர் அந்தப் பக்கம் நின்று செத்தவர்கள். ஆனால் என்னிடம் மஞ்சள் பையோடு வந்த ஒருவர்கூட, எங்க தாத்தா கும்பினிச் சிப்பாய் என்று சொன்னதில்லை. இத்தனைக்கும் அவரைத் தேடுவது எளிது. செத்த சிப்பாயின் மகனைச் சிறு சம்பளத்தில் படையிலேயே வளர்த்துச் சிப்பாயாக்கும் வழக்கம் சென்னைப் படையில் இருந்தது. சம்பளம் உண்டு, ஆகவே கணக்கு உண்டு. டபிள்யூ.ஜே. வில்சன் 1880-களில் எழுதிய சென்னைப் படை வரலாற்றில் எந்தப் பட்டாளம் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். பட்டாளம் தெரிந்துவிட்டால் கோப்பு தெரிந்த மாதிரிதான்.

எங்கள் குடும்பத்திலும் பெயரில்லாத ஒரு கட்டம் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் நின்று பட்டவர் என்று என் தந்தையார் சொல்வார். அத்தை அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். ஏன் என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. எங்கள் குலதெய்வக் கோயிலை ஒட்டிய புஞ்சைக்கு ஐ.எஃப்.ஆர். நகல் எடுத்தபோது விளங்கியது. முதலில் வாங்கியவர் என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர், இன்னார் விதவை என்று. அந்த இன்னாரின் பெயர்தான் என் தாத்தாவுக்கும். விட்ட ஆண்டு பசலி 1211, அதாவது கோட்டை விழுந்ததற்கு அடுத்த சில மாதம். விட்டவர் எட்டயபுரம்.

தோற்ற கோட்டைக்குள் செத்தவனின் விதவைக்கு எட்டயபுரம் அந்த ஆண்டில் மானியம் விட்டிருக்காது. அவர் வெளியே நின்று பட்டவர். வெல்ஷ் எழுதிய அந்த வீட்டு வாசலுக்குத் துரத்திக்கொண்டு வந்தவர்களோடு அவருடைய அண்ணன் தம்பிகூட இருந்திருக்கலாம்.

நகலைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“பேரு சரிதான். எங்க ஐயா பேரு இது.”

“ஆமா பெரியப்பா. ஆனா எட்டயபுரம்னு போட்டிருக்கு.”

“அதையும்தான் படிச்சேன். ஏய்யா, உள்ளே நின்னவன் பேரனுக்கு வருசா வருசம் மாலை போடுதாங்க. வெளியில நின்னவன் பேரனுக்கு என்ன போடுவாங்கன்னு நெனைக்க?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் நகலைத் திருப்பித் தராமல் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அடுத்த பங்குனி உத்திரத்துக்குப் போனபோது, கோயிலில் வழக்கமாகப் படைக்கிற இலைகளுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் இலை போட்டு, அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் கணவன் பெயரையும் அவரே சொல்லிப் படைத்தார். கூடியிருந்தவர்கள் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அத்தை மட்டும் வந்து இலையில் இன்னொரு கரண்டி பாயசம் வைத்தார்.

சொற்பொழிவில் இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். சொல், ஊர்ப் பெயரைச் சொல்லாதே என்றார். இந்த அச்சுப் பிரதியில் எங்கள் ஊரும் அந்த இரண்டு பெயர்களும் இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். நகல் துறைத் தலைவரிடம் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.